கல்யாணத்துக்கு ஆகிற கதை

சினிமாவிலிருந்து ஜனங்கள் எடுத்துக்கொள்ளாத பொருள் என்று ஒன்று பாக்கி இருப்பதாகத் தெரியவில்லை. தலை வாருகிற விதத்தை எடுத்துக்கொண்டார்கள். ரவிக்கைக் கையின் நீளத்தை எடுத்துக்கொண்டார்கள். பிறந்த குழந்தைக்குப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். நாவல் எழுதுகிறவர்களுக்கு இதைப் பார்த்தால் சற்றுப் பொறாமையாகக்கூட இருக்கும். கதாநாயகியின் புடவையை நாங்கள் இரண்டு பக்கம் வர்ணித்தாலும், "அந்த ஏழாவது அத்தியாயத்துப் புடவை இருக்கிறதா?" என்று ஜவுளிக் கடையில் யாரும் கேட்பதில்லை.

இப்போது அந்த ஜாபிதாவில் மேஜை விரிப்பும் சேர்ந்துவிட்டது. இது முக்கியமாக அமெரிக்காவில் நடக்கிற சமாசாரம். அங்கே கல்யாண வரவேற்போ பிறந்த நாள் விருந்தோ நடத்துகிறவர்கள் ஒரு சினிமாப் படத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். வருகிற விருந்தாளி கதவைத் திறந்து உள்ளே காலை வைத்ததும், அந்தப் படத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டதாக நினைக்க வேண்டும். அதற்குத் தகுந்தபடி மண்டபத்தை ஜோடிக்கிறார்கள்.

இந்த ஜோடனையில் பெரும் பங்கு துணிக்குத்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. மண்டபத்தின் சுவரை மாற்ற முடியாது. கூரையை மாற்ற முடியாது. வாடகை மேஜையோ வெறும் ஒட்டுப்பலகை. அதற்கு மடக்குகிற கால்கள். ஆனால் முப்பது மேஜைகளைத் தரை வரையில் துணியால் மூடிவிட்டால், கண்ணில் படுவதில் பாதி மாறிப் போகிறது. இதற்கு ஒரு கணக்கும் உண்டு. 60 அங்குலக் குறுக்களவுள்ள வட்ட மேஜையில் எட்டுப் பேர் உட்காரலாம். மேஜையின் உயரம் 30 அங்குலம். துணி தரையைத் தொட வேண்டுமானால் இரண்டு பக்கமும் முப்பது முப்பது கூட்டி, 120 அங்குலத்தில் வட்டத் துணி வேண்டும். பத்துப் பேர் உட்காரும் 72 அங்குல மேஜைக்கு 132 அங்குலம். இதற்கு மேல் ஒரு சின்ன விரிப்பு, நடுவில் ஓடுகிற நீளப் பட்டை, ஆளுக்கு ஒரு கைத்துணி என்று பரிவாரங்கள். வெல்வெட்டில் உண்டு, ஸாட்டினில் உண்டு, சமிக்கி தைத்துப் பளபளக்கிற துணியில் உண்டு. நம் ஊரில் பந்தல்காரரிடம் ஜமக்காளமும் அண்டாவும் எடுக்கிற மாதிரி, இந்தத் துணிகளை வாடகைக்கு விடுவதற்கென்றே அங்கே கம்பெனிகள் இருக்கின்றன.

இப்படி எடுத்துக்கொள்ளப்படுகிற படங்களில் மிகவும் செல்வாக்குள்ள ஒன்று 'தி கிரேட் கேட்ஸ்பி'. 2013-ல் பாஸ் லர்மன் டைரக்ட் செய்து வந்த படம். கறுப்பும் தங்கமுமாக மேஜை விரிப்பு, அதில் சமிக்கி, நடுவில் உயரமான ஜாடி, அதில் இறகு, அதைச் சுற்றி முத்துச் சரம் – இவ்வளவும் இருந்தால் 'கேட்ஸ்பி' விருந்து என்று அர்த்தம்.

எங்கள் பேட்டையில் உள்ள வயதான அம்மாள் ஒருவர் என்னிடம் இதைப் பற்றி விசாரித்தார். அவருடைய பேத்திக்கு நியூஜெர்ஸியில் கல்யாண வரவேற்பு. 'கேட்ஸ்பி' மாதிரி செய்யப் போகிறார்களாம். மேஜைகளின் படங்களையெல்லாம் பெண் அனுப்பியிருந்தாள். அந்த அம்மாள் அவற்றை எனக்குக் காட்டிவிட்டு, "நீங்கள் கதை எழுதுகிறவர். உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது கல்யாணத்துக்கு ஆகிற கதைதானா?" என்று கேட்டார்.

ஒரு சினிமாவைப் பற்றி நூறு விதமாகக் கேள்வி கேட்கலாம். நடிப்பு எப்படி, ஒளிப்பதிவு எப்படி, மூலக் கதைக்கு உண்மையாக இருக்கிறதா என்றெல்லாம் விமர்சகர்கள் கேட்பார்கள். ஆனால் மேஜை விரிப்பைப் பொறுத்த வரையில் இந்த அம்மாள் கேட்ட கேள்வியை விடச் சரியான கேள்வியை நான் இதுவரை கேட்கவில்லை. ஆகவே அதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

'கேட்ஸ்பி' என்பது ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1925-ல் வெளியிட்ட சிறு நாவல். கதை நடப்பது 1922-ம் வருஷத்துக் கோடையில், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில். அமெரிக்கா முழுவதிலும் மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. ஜே கேட்ஸ்பி என்பவன் பெரும் பணக்காரன். பணம் வந்த வழி நல்ல வழி அல்ல. கடற்கரை ஓரத்தில் மாளிகை வைத்துக்கொண்டு அவன் ஓயாமல் விருந்து வைக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் நகரத்துப் பழக் கடையிலிருந்து ஐந்து பெட்டி ஆரஞ்சும் எலுமிச்சையும் வருகின்றன. திங்கட்கிழமையன்று அவை சக்கையாகக் கொல்லை வழியே வெளியேறுகின்றன. அன்று கூடுதலாக வருகிற ஒரு தோட்டக்காரன் உட்பட எட்டு வேலைக்காரர்கள் நாள் முழுவதும் துடைத்துக் கழுவிச் செப்பனிடுகிறார்கள். வந்து போகிறவர்களில் அழைப்பின் பேரில் வருகிறவர்கள் மிகச் சிலர். அவர்களில் பெரும்பாலோருக்கு விருந்து வைக்கிறவனையே அடையாளம் தெரியாது. கதை சொல்லுகிற நிக் என்ற வாலிபன் அவனுடனேயே பேசிக்கொண்டிருந்துவிட்டு, "விருந்து வைத்தவரை இன்னும் நான் பார்க்கவில்லை" என்கிற அர்த்தத்தில் அவனிடமே சொல்லுகிறான்!

இத்தனை விருந்தும் எதற்கு? ஐந்து வருஷத்துக்கு முன் கேட்ஸ்பி ஒரு பெண்ணை நேசித்தான். டெய்ஸி என்று பெயர். அவள் இன்னொரு பணக்காரனை மணந்துகொண்டு, நீரைத் தாண்டி எதிர்க் கரையில் வசிக்கிறாள். என்றைக்காவது ஒரு நாள் அவள் இந்த விளக்குகளைப் பார்த்துவிட்டு வரமாட்டாளா என்பதுதான் கேட்ஸ்பியின் எண்ணம். நூற்றுக்கணக்கான பேர் வருகிறார்கள், அவள் வரவில்லை. கடைசியில் வேறு வழியாக அவளைச் சந்தித்த பிறகு, ஒரே ஒரு விருந்துக்கு அவள் வருகிறாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை இரவு அந்த மாளிகையில் விளக்கே எரியவில்லை. விருந்துகள் நின்று போய்விட்டன.

கேட்ஸ்பி சுட்டுக் கொல்லப்பட்ட பின்பு அவனை அடக்கம் செய்ய யார் வந்தார்கள்? அவனுடைய வயதான தகப்பனார், நிக், பாதிரியார், நாலைந்து வேலைக்காரர்கள், ஒரு தபால்காரர். விருந்துகளில் உண்டு களித்த அந்த நூற்றுக்கணக்கான பேரில் ஒரே ஒருவர் வந்து சேருகிறார். மாளிகையில் மாதக் கணக்கில் தங்கிச் சாப்பிட்ட இன்னொரு மனுஷன் டெலிபோனில் கூப்பிடுகிறான். எதற்கு என்றால், விட்டுப் போன தன் டென்னிஸ் பூட்ஸை அனுப்பி வைக்கும்படி சொல்வதற்கு!

இதுதான் கதை. இது கல்யாணத்துக்கு ஆகுமா?

உடனே ஓர் ஆட்சேபம் வரும். வராவிட்டால் நானே கிளப்பியிருப்பேன். "நம்முடைய கல்யாண வீடுகளில் சீதா கல்யாணம் பாடுகிறோமே! சீதை பிற்பாடு பட்ட கஷ்டம் கொஞ்சமா? காட்டுக்குப் போனதையும், சிறையிருந்ததையும் நினைத்துக்கொண்டா பாடுகிறோம்? வேண்டிய பாகத்தை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடுகிறோம் அல்லவா? அதைப் போலவே விருந்தை எடுத்துக்கொண்டு, சாவை விட்டுவிட்டால் என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மிதிலையில் நடந்த கல்யாணம் உண்மையான சந்தோஷம். பின்னால் வந்த துக்கம் அதைப் பொய்யாக்கவில்லை. அந்தச் சந்தோஷம் நிஜமாக இருந்ததனால்தான் பின்னால் வந்த பிரிவு நம்மை அழ வைக்கிறது. ஆகையால் அந்தக் காண்டத்தை மட்டும் தனியே எடுத்துப் பாடினாலும் அது முழுமையாக நிற்கிறது. கேட்ஸ்பியின் விருந்து அப்படி அல்ல. அங்கே விருந்துதான் துக்கம். துக்கம் பிற்பாடு வருவது அல்ல. முதல் விளக்கை ஏற்றும்போதே அது வந்து உட்கார்ந்துவிட்டது. வராத ஒருத்திக்காக, வந்தவர்களையெல்லாம் கூட்டமாக நிறுத்தி வைத்த காரியம் அது. அதிலிருந்து விருந்தை மட்டும் பிரித்து எடுத்தால், துக்கத்தின் மேல் துணியைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் அதை எடுக்கிறார்கள்? கதையைப் படிக்காததனாலா? அப்படிச் சொல்லிவிட்டால் எழுத்தாளனுக்குச் சௌகரியம்தான். ஆனால் படித்தவர்களும் எடுக்கிறார்கள். காரணம் சினிமாவின் இயல்பிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த நாவலை 1926-ல் மௌனப் படமாக எடுத்தார்கள்; அது இன்று கிடைப்பதில்லை. 1949-ல் ஒரு தடவையும், 1974-ல் ராபர்ட் ரெட்ஃபோர்டை வைத்து ஒரு தடவையும் எடுத்தார்கள். 2013-ம் வருஷப் படத்தில் லியோனார்டோ டிகாப்ரியோ கேட்ஸ்பியாக வருகிறார். நம்முடைய அமிதாப் பச்சன்கூட ஒரு சூதாட்டக்காரனாகச் சிறிது நேரம் தலையைக் காட்டுகிறார். ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1974-ம் வருஷப் படத்துக்கு இரண்டு ஆஸ்கார் பரிசுகள். ஒன்று உடையலங்காரத்துக்கு, மற்றது இசைக்கு. 2013-ம் வருஷப் படத்துக்கும் இரண்டு. ஒன்று உடையலங்காரத்துக்கு, மற்றது அரங்க அமைப்புக்கு. இரண்டு தடவையும் இந்தக் கதையில் பரிசுக்குத் தகுந்தவராக முதலில் கண்ணில் பட்டவர் தையற்காரர்தான்!

இதனால் படங்கள் மோசம் என்று நான் சொல்லவில்லை. டைரக்டரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. அந்த விருந்தை அழகாகக் காட்டித்தான் ஆக வேண்டும். அழுக்காகக் காட்டினால் கேட்ஸ்பி பைத்தியக்காரனாகிவிடுவான், கதையே கிடையாது. நாவலாசிரியருக்கு ஒரு வசதி இருக்கிறது. தேன் சொட்டுகிற வாக்கியத்தின் நடுவிலேயே ஒரு சொட்டு வேப்பெண்ணெயையும் விட்டுவிட அவரால் முடியும். ஆரஞ்சுப் பெட்டி உள்ளே வருவதைச் சொன்ன கையோடு, சக்கை வெளியே போவதையும் ஃபிட்ஸ்ஜெரால்டு சொல்லிவிடுகிறார். காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கஷ்டம். பளபளக்கிற ஒன்றைக் காட்டினால் அது பளபளக்கத்தான் செய்யும். படம் முடிந்து வெளியே வருகிறவர்களின் மனத்தில் சனிக்கிழமை தங்குகிறது, திங்கட்கிழமை தங்குவதில்லை.

நாவலில் துணியைப் பற்றி ஓர் அருமையான கட்டம் இருக்கிறது. ஆனால் அது மேஜைத் துணி அல்ல, சட்டைகள். கேட்ஸ்பி டெய்ஸியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், அலமாரியைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னே வீசுகிறான். லினன், பட்டு, ஃபிளானல் என்று பல வர்ணத்தில் குவியல் ஏறிக்கொண்டே போகிறது. திடீரென்று அவள் அந்தச் சட்டைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பிக்கிறாள். சட்டை அழகாக இருக்கிறது என்று அழுகிறாளாம்! அவன் தன் மனசைக் காட்ட நினைத்தான். காட்டத் தெரிந்தது துணியைத்தான். அவளும் துணியைப் பார்த்துத்தான் அழுதாள். சமிக்கித் துணியை விரித்துக் 'கேட்ஸ்பி' விருந்து வைக்கிறவர்கள் இந்த ஒரு கட்டத்தை மட்டும் மறுபடியும் படித்துப் பார்க்கலாம்.

சரி, மேஜையை ஜோடிப்பதே தவறா என்றால், அதுவும் இல்லை. மேஜை விரிப்பு கதையில் எத்தனை தூரம் பேசும் என்பதற்கு இன்னொரு படத்தைச் சொல்லுகிறேன். எடித் வார்ட்டன் 1920-ல் வெளியிட்ட 'தி ஏஜ் ஆஃப் இன்னஸென்ஸ்' என்ற நாவலை 1993-ல் மார்ட்டின் ஸ்கார்ஸெஸி படமாக எடுத்தார். துப்பாக்கியும் ரத்தமுமாகப் படம் எடுத்துப் பெயர் வாங்கியவர், இதில் தட்டும் முள்கரண்டியும் பூவும் கைத்துணியுமாக எடுத்திருக்கிறார். ஆனாலும் இதுவும் வன்முறைப் படம்தான்.

1870-ம் வருஷங்களின் நியூயார்க். நியூலண்ட் ஆர்ச்சர் என்பவனுக்கு மனைவி மே. அவளுக்குத் தாய் வழியில் உறவாக வேண்டிய எல்லன் மீது அவன் மனம் போயிருக்கிறது. எல்லன் ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போகிறாள் என்றதும், மே அவளுக்கு ஒரு பிரிவுபசார விருந்து வைக்கிறாள். உறவினர்கள் எல்லாரும் வருகிறார்கள். பூ, வெள்ளி, பீங்கான், எல்லாம் குறைவில்லாமல் இருக்கின்றன. எல்லாரும் எல்லனிடம் மிக அன்பாகப் பேசுகிறார்கள். அப்போதுதான் ஆர்ச்சருக்கு விளங்குகிறது: தானும் எல்லனும் காதலர்கள் என்று இந்த மேஜையைச் சுற்றியுள்ள ஒவ்வொருவரும் தீர்மானித்துவிட்டார்கள், அவளை நாடு கடத்துவதற்கே கூடியிருக்கிறார்கள். ஒரு குரல்கூட உயரவில்லை.

அந்தக் காலத்துப் பெரிய வீட்டு மேஜைகளில் விரிப்பது வெள்ளை டமாஸ்க் துணி. டமாஸ்கஸ் நகரத்தின் பேரால் வந்த பெயர். அதில் பூவேலை உண்டு. ஆனால் தனி வர்ண நூல் கிடையாது. தரையும் வெள்ளை, பூவும் வெள்ளை. ஓர் இடத்தில் பாவு நூல் மேலே தெரியும்படியும், இன்னோர் இடத்தில் ஊடை நூல் மேலே தெரியும்படியும் நெய்திருப்பார்கள். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் சாய்வாக விழும்போது பூ தெரியும். மே வைத்த விருந்தும் அந்த ஜாதிதான். மேஜை முழுவதும் மரியாதை; மரியாதைக்குள்ளேயே நெய்திருக்கிறது தண்டனை. இந்தப் படத்தில் மேஜையின் அழகைக் கதையிலிருந்து பிரிக்க முடியாது. பிரித்தால் கதை செத்துப் போகும். நல்ல படத்தில் மேஜை ஜோடனைக்கு அதுதான் இலக்கணம்.

ஆனால் இதுவும் கல்யாணத்துக்கு ஆகாது! ஆகிற படம் ஒன்று இருக்கிறது. 'பாபெட்டின் விருந்து' என்று 1987-ல் வந்த டேனிஷ் படம். கேப்ரியல் ஆக்ஸெல் டைரக்ட் செய்தது. கரேன் பிளிக்ஸன் எழுதிய கதை. கடற்கரைக் குக்கிராமம். கட்டுப்பெட்டியான சமயக் கூட்டம் ஒன்று. அதை ஸ்தாபித்த போதகரின் இரண்டு பெண்களும் கல்யாணமின்றி வயதாகி, ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். 1871-ல் பாரிஸ் கலகத்தில் கணவனையும் பிள்ளையையும் இழந்து ஓடி வந்த பாபெட் என்பவள் அவர்கள் வீட்டில் சமையல் செய்துகொண்டு பல வருஷங்கள் இருக்கிறாள். அவளுக்கு லாட்டரியில் பத்தாயிரம் பிராங்க் விழுகிறது. போதகரின் நூறாவது பிறந்த நாளுக்குத் தானே ஒரு பிரெஞ்சு விருந்து சமைக்க அனுமதி கேட்கிறாள்.

கிராமத்தாருக்குப் பயம். இந்த அந்நிய உணவில் ஏதோ பாவம் இருக்கிறது என்று நினைத்து, சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று சபதம் செய்துகொண்டு வந்து உட்காருகிறார்கள். வெள்ளை விரிப்பு, மெழுகுவர்த்தி, கண்ணாடிக் கோப்பைகள். பன்னிரண்டு பேர். பழைய மனஸ்தாபங்கள் நிறைந்த கூட்டம் அது. ஒவ்வோர் உணவாக வர வர, கடுகடுத்த முகங்கள் இளகுகின்றன. ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொள்கிறார்கள். பாபெட் ஒரு தடவைகூட மேஜைக்கு வரவில்லை, அடுப்பங்கரையிலேயே இருக்கிறாள். கடைசியில்தான் தெரிகிறது, பத்தாயிரம் பிராங்கும் அந்த ஒரு ராத்திரியில் தீர்ந்துவிட்டது என்று.

கேட்ஸ்பியும் பணத்தைக் கொட்டினான்; பாபெட்டும் பணத்தைக் கொட்டினாள். அவனுடைய விருந்தாளிகள் வெறும் கூட்டம். அவன் எதிர்பார்த்த ஆள் வேறு. பாபெட்டுக்கோ, எதிரே உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டு பேர்தான் விருந்தாளிகள். அவர்களில் பெரும்பாலோர் ருசி அறியாதவர்கள், பாராட்டவும் மாட்டார்கள் என்று தெரிந்தும் அவர்களுக்காகவே சமைத்தாள். விரிப்பின் விலையில் வித்தியாசம் இல்லை. அதை யாருக்காக விரித்தோம் என்பதில்தான் வித்தியாசம்.

சினிமா ஸ்டூடியோக்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. படத்தில் நாம் பார்க்கிற வெள்ளை மேஜைத் துணி பல சமயங்களில் வெள்ளையாகவே இருக்காது. பளீரென்ற வெள்ளை, விளக்கு வெளிச்சத்தை வாரி வீசி, பக்கத்தில் இருக்கிற முகத்தை மங்கச் செய்துவிடும். அதற்காகத் துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிச் சற்றுப் பழுப்பாக்கி விரிப்பார்கள். துணி முகத்துக்கு வழிவிட வேண்டும் என்பது அதன் தாத்பரியம். சினிமாவிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளலாம். விருந்தாளியின் முகம் அனிச்சப் பூவைவிட மென்மையானது என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். அந்த முகம் எதிரே இருக்கிறவருக்குத் தெரியாதபடி நடுவில் ஜாடியும் இறகும் வைத்துவிட்டு, மேஜை அழகாக இருக்கிறது என்று சொல்வதில் என்ன பிரயோஜனம்?

அந்த அம்மாளுக்கு நான் சொன்ன பதிலும் ஏறக்குறைய இதுதான். கதை கல்யாணத்துக்கு ஆகாது; ஆனால் அதற்காகக் குழந்தையின் ஆசையைக் கெடுக்க வேண்டியதில்லை. கறுப்பும் தங்கமும் இருந்துவிட்டுப் போகட்டும். ஜாடியின் உயரத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையிலேயே நிற்காமல், ஒவ்வொரு மேஜைக்கும் போய் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். கேட்ஸ்பி செய்யாத காரியம் அது ஒன்றுதான். அதைச் செய்துவிட்டால் அவனுடைய சாபம் தொடராது என்றேன்.

அமெரிக்காவைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. கல்யாண ஜோடனையைப் பற்றி நம் பக்கத்துச் சினிமாவிலேயே மிக நல்ல விமர்சனம் ஒன்று இருக்கிறது. 1957-ல் கே. வி. ரெட்டி டைரக்ஷனில் தெலுங்கிலும் தமிழிலும் வந்த 'மாயாபஜார்'. பாண்டவர்கள் சொத்தை இழந்ததும், அபிமன்யுவுக்கு என்று பேசி வைத்த வத்ஸலாவைத் துரியோதனனுடைய பிள்ளைக்குக் கொடுக்கத் தீர்மானிக்கிறார்கள். பெண்ணைக் கேட்கவில்லை, அந்தஸ்தைத்தான் கேட்டார்கள். கடோத்கசன் வருகிறான். அந்தஸ்துதானே வேண்டும் என்று, மாப்பிள்ளை வீட்டாருக்காக ஒரு மாய நகரத்தையே எழுப்பி விடுகிறான். கம்பளம் உண்டு, கட்டில் உண்டு. வந்தவர்களை அவை படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. கல்யாணச் சாப்பாடு முழுவதையும் ரங்காராவ் ஒருவரே உட்கார்ந்து தீர்த்துவிடுகிற காட்சியை ஒரு தடவை பார்த்தவர்கள் ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. இவ்வளவு ஆடம்பரமும் நடந்துகொண்டிருக்கையில், நிஜ வத்ஸலாவுக்கும் அபிமன்யுவுக்கும் கல்யாணம் எங்கே நடக்கிறது? காட்டில், கடோத்கசனுடைய ஆசிரமத்தில்! ஜோடனை ஓரிடம், கல்யாணம் ஓரிடம் என்று பிரித்தே காட்டிவிட்டார்கள். நாம் லட்டுகள் பறப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நம்முடைய பந்தியில் மேஜை விரிப்பு என்பது ஒரு காகிதச் சுருள். மேஜையின் இந்தக் கோடியில் பிடித்து அந்தக் கோடி வரை உருட்டுவார்கள். அதன் மேல் வாழை இலை. பந்தி முடிந்தால் இலையோடு சுருட்டிக் கூடையில் போட்டுவிடுவார்கள். டமாஸ்க் இல்லை, சமிக்கி இல்லை. இதைச் சொல்லி நாம் பெருமைப்படத் தோன்றும். வேண்டாம். இந்த எளிய இலையும் ஒரு காலத்தில் மே வைத்த விருந்தைப் போலக் காரியம் செய்திருக்கிறது. முதல் பந்தியில் யார் உட்காரலாம், எவர் திண்ணையோடு நிற்க வேண்டும், எவருக்குக் கொல்லைப்புறத்தில் போட வேண்டும் என்று அது கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. இன்றைக்கும், சாப்பிடுகிறவனின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நின்று, அவன் எப்போது மோர் சாதத்துக்கு வருவான் என்று குனிந்து பார்க்கிற மண்டபங்களை நாம் அறிவோம். துணி இல்லாவிட்டால் அன்பு இருக்கும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

ஆனால் இதே பந்தியில் இன்னொன்றும் இருக்கிறது. பெண்ணின் தகப்பனார் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையாக வருவார். "இவருக்கு ஜாங்கிரி வையப்பா!" "நீங்கள் சரியாகச் சாப்பிடவே இல்லையே!" "மாமா, பாயசம் இன்னும் கொஞ்சம்!" என்று ஒவ்வோர் இலைக்கு முன்னாலும் நின்று சொல்லுவார். அதில் பாதி சம்பிரதாயம்தான். இருந்தாலும் அவர் நம் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். அந்த ஒரு க்ஷணத்துக்காகத்தான் நாம் ராத்திரி பஸ் ஏறிக் கல்யாணத்துக்குப் போகிறோம், ஜாங்கிரிக்காக அல்ல.

வாடகைத் துணிக் கம்பெனிகளுக்கு ஒரு விதி உண்டு. விருந்து முடிந்ததும் துணியை உதறி, துகள்களைத் தட்டி, ஈரமில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடித்துவிடும். அதற்குத் தனியாகப் பணம் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே சனிக்கிழமை இரவு விரித்த துணிகளை ஞாயிற்றுக்கிழமை யாரோ எண்ணி அடுக்கியாக வேண்டும். திங்கட்கிழமை அவை சலவைக்குப் போகின்றன. அடுத்த வாரம் வேறு யாருடைய படத்துக்கோ போகின்றன. துணியோடு போய்விடுகிற விருந்து எது, துணி போன பிறகும் வந்தவர்கள் மனத்தில் இருக்கிற விருந்து எது என்பது அந்தத் திங்கட்கிழமைதான் தெரியும். கல்யாணத்துக்கு ஆகிற கதை எது என்று பார்ப்பதற்கும் நல்ல நாள் அதுவே.